கறுப்பு டிஸ்க்கில் இருக்கும் பெயர்கள்

அக்கா, இதை ஒருவருக்கும் காட்டிவிடாதீர்கள். இனி நீங்கள் யாருக்குக் காட்டப்போகிறீர்கள் என்று தெரிந்தும் கேட்கிறேன். முக்கியமாக அப்பாவுக்குத் தெரியக்கூடாது.

கணினிக் கோப்புகளை நீங்கள் சேமித்து வைக்கும் கறுப்பு டிஸ்க் என் மடியில் இருக்கிறது. அதன் நீலத் துணிப்பையை அவிழ்த்ததும் தலையிடித் தைலத்தின் மணம் வந்தது. நாள் முழுக்கக் கணினியைப் பார்த்துவிட்டு நெற்றியில் பூசுவீர்களே, அந்த விரலால்தான் பையையும் முடிவீர்கள். காய்ச்சல் என்று உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இருபத்தைந்து நாளாகிறது. மணம் மட்டும் போகவில்லை.

இன்று பின்னேரம் வீடியோக்காரர் வந்தார். உங்கள் செத்தவீட்டு வீடியோவைக் கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கொடுத்தனுப்ப ஒரு டிஸ்க் வேண்டுமாம்.

"மூத்தவளின்ரை ஒண்டு அலுமாரிக்கை கிடக்குது. அதை அழிச்சுப்போட்டு ஏத்துங்கோ," என்றார் அப்பா.

"உள்ளுக்கை முக்கியமானது ஏதும் கிடக்கோ, அண்ணை?"

"ஒண்டுமில்லை. கந்தோர்க் குப்பையள்."

நான் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். சீனி பாதி நிலத்தில் கொட்டிவிட்டது. அவர்கள் குடித்துக்கொண்டிருந்தபோது அலுமாரியைத் திறந்து டிஸ்க்கை எடுத்துச் சட்டைக்குள் மறைத்தேன். அப்பா தேடிப் பார்த்துவிட்டு, "காலமை எடுத்து வைக்கிறன், வாங்கோ" என்று அவரை அனுப்பிவைத்தார். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்கு ஏலவில்லை.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. போர் நடந்த அந்த நாட்களில் தன் கடிதங்களையெல்லாம் கிணற்றடியில் போட்டு எரித்தவர் அவர். "கடதாசி வைச்சிருந்தவை பட்ட பாடு எனக்குத் தெரியும். அரசாங்கத்தின்ரை சாமானை எடுத்து வைச்சு என்ன செய்யப்போறாய்?" என்று உங்களிடம் எத்தனை தரம் கேட்டிருப்பார். நீங்கள் சிரிப்பீர்கள். "ஊருக்கே காட்டினதைத்தானேயப்பா எடுத்து வைக்கிறன். களவே இது?"

வாசிகசாலை வேலை முடிந்து வந்து, மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாம் இருவரும் அந்தப் பழைய மடிக்கணினிக்கு முன்னால் இருப்போம். எங்கள் பகுதி அரசாங்கக் கந்தோரின் இணையத்தளத்தில் வந்த அறிவித்தல், பெயர்ப்பட்டியல், படகு நேரம் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகச் சேமிப்பீர்கள். ஒருமுறை உங்களுக்கு உதவுகிறேன் என்று முப்பது பக்கத்தையும் தொலைபேசியில் படம் பிடித்து வைத்தேன். பெருமையாகக் காட்டினேன். நீங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தீர்கள்.

"எடியே, எங்கை இருந்து எடுத்தது, எப்ப எடுத்தது எண்டு இல்லாட்டி இது வெறும் படம். ஒருத்தரும் நம்பாயினம்."

அன்று முப்பதையும் திரும்பச் செய்தோம். மேலே இணைய விலாசம், கீழே திகதி. கண் எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அது எதற்கு என்று மடத்துவெளிப் பூமணி மாமியோடு கந்தோருக்குப் போன நாளில்தான் எனக்கு விளங்கியது. மழைநீர்த் தொட்டி கட்டிக் கொடுக்கும் பட்டியலில் மாமியின் பெயர் இருந்தது. பிறகு இணையத்தளத்தைப் புதிதாக மாற்றினார்கள். பழைய பக்கங்கள் போய்விட்டன. "அப்பிடி ஒரு பட்டியல் இல்லையம்மா" என்றார் மேசையில் இருந்தவர். நீங்கள் அச்செடுத்த தாளை மேசையில் வைத்தீர்கள். அவர் விலாசத்தைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து, "இருங்கோ அம்மா" என்றார்.

பஸ்ஸில் வரும்போது மாமி உங்கள் கையை விடவேயில்லை. "என்ரை பேரை உன்ரை பெட்டிக்கை வைச்சிருந்திருக்கிறாய், என்ன?"

"உங்கடை மட்டுமில்லை மாமி, உங்களோடை சண்டை பிடிச்சவையின்ரையும் கிடக்குது," என்றீர்கள். மாமி சிரித்துச் சிரித்து இருமினார். அந்தத் தொட்டியில் இப்போது இரண்டாவது மாரித் தண்ணீர் நிற்கிறது.

வீடு வீடாகப் போய் வாங்கி ஸ்கேன் செய்த கல்வெட்டுகளும் இதற்குள்தான். ஒருவர் செத்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் அந்தச் சின்னப் புத்தகங்களில் யார் யாருக்குப் பிள்ளை, யார் எந்த ஊரில் கடை வைத்திருந்தார் என்பதெல்லாம் இருக்கிறது. கறையான் தின்ற பக்கங்களை ஊதி ஊதித் திறப்பீர்கள். "செத்தால்தான் எங்கடை ஆக்களைப் பற்றிப் புத்தகம் வருது," என்பீர்கள். உங்களுடையது அச்சுக்குப் போயிருக்கிறது அக்கா. அப்பா எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்தேன். "வாசிகசாலையில் கடமையாற்றினார்" என்று ஒரு வரி. இந்தச் சனிக்கிழமைகள் அதில் இல்லை.

சேர்த்ததையெல்லாம் நீங்கள் யாழ்ப்பாணத்தில் இப்படியானவற்றைக் கணினியில் காத்து வைக்கும் எண்ணிம ஆவணகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். கடைசி நான்கு மாதத்தைக் கொடுக்கவில்லை. மடிக்கணினியில் இடமில்லாததால் அதற்கு வேறு பிரதியும் இல்லை. நாளைக் காலை குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் நான் ஏறப்போகிறேன். பள்ளிக்கூடச் சட்டையோடுதான். தனியாக யாழ்ப்பாணம் போனதேயில்லை. எங்கே இறங்குவது என்று உங்களோடு போன நினைவில்தான் தெரியும். அவர்கள் பிரதி எடுத்த பிறகு டிஸ்க்கைக் கொண்டுவந்து அலுமாரியிலேயே வைத்துவிடுவேன். அதன் பிறகு அப்பா அழிக்கட்டும். சித்தப்பாவும் உங்கள் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கத்தானே வேண்டும்.

களைப்பாக இருக்கிறது அக்கா. அழவும் பெலனில்லை. டிஸ்க்கைப் புத்தகப் பையின் அடியில், விஞ்ஞானக் கொப்பிக்குள் வைத்துவிட்டேன். அதன்மேல் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறேன்: எங்கள் வீட்டு விலாசம், இன்றைய திகதி, சேகரித்தவர் என்று உங்கள் பெயர். நான் பயத்தில் பேசாமல் நின்றாலும் அந்தத் துண்டை வாசித்து ஆவணகத்தில் இருப்பவர்கள்—

கதவில் தட்டுகிறார்கள். அம்மா என்றால் மெதுவாகத் தட்டுவா. இது அப்பா—