அண்ணன் வயலில் தண்ணீர்

அக்டோபர் 12, ஞாயிறு

ஜெபக் கூட்டத்தாரோடு மத்தியப் பிரதேசத்தில் நிலம் வாங்கிக் குடியேறிய அண்ணன், வாரம் தவறாமல் போனில் பேசிப் பதிந்து அனுப்புகிறான். இன்று அப்பா அதைச் சத்தமாக வைத்தார்.

"நெல்லு நல்லா பழுத்துருச்சுப்பா. வியாழக்கிழமை அறுப்பு. இன்னிக்குக் காலையிலகூட தண்ணி கட்டுனேன்."

அம்மா ஸ்தோத்திரம் சொன்னாள். அப்பாவுக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. "இந்தக் குத்தகை நிலத்த விட்டுட்டு நாமளும் அங்கயே போயிடுவோம்டி" என்றார். விடிந்ததும் நிலத்துக்காரரிடம் சொல்லிவிடுவாராம்.

எனக்கு அந்தத் தண்ணிதான் உறுத்தியது. அறுப்புக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுவோம், இல்லாவிட்டால் அறுப்பு மெஷின் சேற்றில் புதைந்துவிடும். இங்கே இருந்தவரை வரப்பை வெட்டி வடிக்கிற வேலையே அண்ணனுடையதுதான். அவனா மறப்பான்?

அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. கொல்லைப்பக்கம் போய் அண்ணனுக்கு மட்டும் அனுப்பினேன். "அங்க தண்ணி வாய்க்காலா, போர்வெல்லா அண்ணே?"

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "இரு பாப்பா, கேட்டுச் சொல்றேன்."

காலையில் தண்ணீர் கட்டியவன் யாரைக் கேட்க வேண்டும்?

அப்பா ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். அதற்குள் நான் வாயைத் திறந்தாக வேண்டும்.