பிளக்க முடியாத கட்டைகள் எனக்கு

கில்பர்ட் ஹாலோ, வெர்மாண்ட்
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் ரோண்டாவுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகம், கூரை சுகம், பூனையும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் டக்ளஸும் அந்த அரிசோனா வெயிலில் கருகிப்போகாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துப் படி.

முதலில் அந்த வார்த்தை. என்னைக் கேட்காமல் டாக்டரிடம் பேசிவிட்டு, "அம்மா, உன் விரல்ல நோடோசிட்டியாம்" என்று போனில் விக்கினாயே, யாரோ செத்துப்போன மாதிரி. அதோடு விட்டாயா? தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வரும்போது கையோடு வீட்டுத் தரகரையும் பார்த்துவிடலாம், இந்தக் குளிர்காலமே உன் ஊரில் எனக்கு ஓர் அறை என்று முடிவே செய்துவிட்டாய். ஒரு வார்த்தையைச் சொல்லி என் வீட்டைப் பிடுங்கப் பார்க்கிறாய். அது எங்கிருந்து வந்த வார்த்தை என்று நான் பார்க்க வேண்டாமா?

நூலகத்துக்குப் போனேன். அதைப் பார்த்துக்கொள்கிற ஐவி, பெரிய அகராதியைத் தூக்கிவந்து மேசையில் போட்டாள். "நான் கேள்விப்பட்டதே இல்லையே ஆர்லீன், ஏதாவது கெட்ட வார்த்தையா?" என்று சிரித்தாள். மெல்லிய தாள், எனக்குப் புரட்ட வரவில்லை. அவளே புரட்டினாள். பார், இதைக்கூட உன்னிடம் மறைக்கவில்லை.

நோடோசிட்டி என்றால் முடிச்சு முடிச்சாக, கணுக் கணுவாக இருக்கும் தன்மையாம். லத்தீனில் முடிச்சுக்கு நோடுஸ், முடிச்சு நிறைந்ததற்கு நோடோசுஸ். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து நானூறு வருஷம் ஆகிறது. மரத்தில் விழுந்த கணுவையும் சொல்வார்கள், விரல் மூட்டில் புடைத்ததையும் சொல்வார்கள். இப்போது அரிதாகத்தான் வழங்குகிறது என்று ஓரத்தில் போட்டிருந்தது. கயிற்றுச் சுருக்கைச் சொல்லும் நூஸ் என்ற ஆங்கில வார்த்தைகூட அதே லத்தீன் வயிற்றில் பிறந்ததாம். ஒரே குடும்பத்தில் ஒன்று இறுகி நிற்கிறது, இன்னொன்று கழுத்தில் விழுந்து இறுக்குகிறது. நம் இருவரில் யார் எது என்று நீயே முடிவு செய்துகொள்.

ஆக, வியாதி என்று நீ அழுத அந்த வார்த்தை ஒரு குணத்தின் பெயர், ரோண்டா. வலி இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது. அதற்கு மாத்திரையும் இருக்கிறது.

இனி சனிக்கிழமை நடந்த கூத்து. தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் விறகு வங்கி உனக்கு ஞாபகம் இருக்கும். ஊரே சேர்ந்து விறகு பிளந்து, முடியாதவர்கள் வீட்டில் இலவசமாகக் கொண்டுபோய்ப் போடுகிற இடம். உன் அப்பா காலத்திலிருந்து நான் அங்கே அடுக்குகிறவள். சனிக்கிழமை காலை கையுறையை மாட்டிக்கொண்டு அங்கே கிளம்பினால், என் வாசலிலேயே விறகு வங்கிக்கு வண்டி ஓட்டும் ஹார்லனின் லாரி விறகோடு வந்து நிற்கிறது. யாருக்கு என்றேன். ஹார்லன் தொப்பியைக் கழற்றினான். அவன் தொப்பியைக் கழற்றி நான் பார்த்தது உன் அப்பாவை அடக்கம் செய்த அன்றுதான்.

"உனக்குத்தான் ஆர்லீன். ரோண்டா போன் பண்ணுச்சு. அம்மாவால இனிமே முடியாது, அவங்களுக்கும் போடுங்கன்னு சொல்லுச்சு. என்னைத் திட்டாத."

எனக்கு வந்த கோபத்தில் அந்த விறகு தானாகவே பற்றியிருக்க வேண்டும். "ஒரு குச்சி என் வாசல்ல விழுந்துச்சு, உன் மண்டையில அடுக்கிடுவேன்" என்றேன். லாரியில் ஏறி உட்கார்ந்து வண்டியைத் திருப்பச் சொன்னேன். "கை வராதுன்னுச்சே உன் பொண்ணு" என்றான். "கால் வராதுன்னு சொல்லலையே" என்றேன்.

கோடாரி என்னால் பிடிக்க முடியாது, அது உண்மை. ஆனால் விறகு பிளக்கும் எந்திரத்தின் நெம்புகோலைப் பிடிக்கத் தேவையில்லை, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளினால் போதும். மதியம் வரை தள்ளினேன். அப்போது ஓர் எல்ம் மரக்கட்டை வந்தது. உடம்பெல்லாம் கணு. எந்திரம் முக்கியது, முனகியது, கட்டை மசியவில்லை. "சனியன், இது யாருக்கும் ஆகாது" என்று ஹார்லன் அதை ஓரத்துக்கு உருட்டிவிட்டான். அந்த மாதிரிக் கட்டைகள் அங்கே ஒரு குவியலே கிடக்கின்றன. வருஷா வருஷம் கிடந்து மக்குகின்றன.

எனக்குச் சுரீரென்றது. உன் அப்பா படுக்கப் போகுமுன் அடுப்பில் எதை உருட்டிவிடுவார்? நேரான நல்ல விறகையா? அது பாதி ராத்திரியிலேயே சாம்பல். பிளக்க முடியாத கணுக்கட்டையைத்தான் போடுவார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது நீ காலுறையைச் சூடு காட்டினாயே, அந்தக் கனல் எதிலிருந்து வந்தது என்று நினைத்தாய்?

அதையெல்லாம் என் வீட்டில் கொண்டுபோய்ப் போடச் சொன்னேன். "இப்பத்தானே தர்மம் வேண்டாம்னு குதிச்ச?" என்றான் ஹார்லன். "இது தர்மம் இல்லடா. உங்களையெல்லாம் தோக்கடிச்ச கட்டைங்க. ஜெயிச்சதுங்கள நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினான். இனி சனிக்கிழமைதோறும் எந்திரம் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். நேர் விறகு என் வீட்டுக் கொட்டகை நிறைய ஏற்கெனவே இருக்கிறது. ஐவியின் புருஷன் தூக்கி அடுக்கினான், நான் அவனுக்கு ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்தேன். மாவை முழங்கையால்தான் பிசைந்தேன். அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இன்று காலை அடுப்பைத் திறந்தால் கட்டை செக்கச்செவேலென்று கிடக்கிறது. அதன்மேல் நாலு சுள்ளி போட்டு, காபி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அதனால் நான் வரமாட்டேன். தரகரைக் கூட்டிவராதே. டக்ளஸ் ஜிம்முக்குப் போகிற ஆள்தானே, அந்தக் கட்டைகளில் ஒன்றே ஒன்றைக் கோடாரியால் பிளந்து காட்டட்டும், அப்புறம் வீட்டு விலை பேசலாம். நீங்கள் மட்டும் வாருங்கள். வான்கோழி நான் வாட்டுகிறேன். உன் பழைய அறையில் போர்வை உதறிப் போட்டாகிவிட்டது.

இன்னும் ஒன்று. என் நீலக் கோட்டின் கழுத்துப் பொத்தான். மற்றதையெல்லாம் எப்படியோ போட்டுவிடுகிறேன், அது மட்டும் வரமாட்டேன் என்கிறது. குளிர் தொடங்கியதிலிருந்து கழுத்தைத் திறந்துபோட்டுத்தான் தேவாலயத்துக்குப் போகிறேன். கேட்கிறவர்களிடம் புழுக்கம் என்கிறேன். நீ வந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் எதிரே வந்து நின்று அதைப் போட்டுவிடு. ஒன்றும் சொல்லாதே. நானும் சொல்லமாட்டேன்.

நன்றாக இரு, என் கண்ணே.

உன் அம்மா,
ஆர்லீன்