கேட்காமல் போன மாத்திரை

லாத்தா,

இன்று சாயங்காலம் வேலை முடிந்து பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்க்கடையில் அரிசிமாவு வாடா பொரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒற்றை இறால் பதித்து, ஓரம் முறுகச் சிவக்கிறபோது எழுமே, அந்த வாசனை சாலையைத் தாண்டி வந்தது. நான் ஏற வேண்டிய பட்டினம் பேருந்து வந்து நின்றதும் கிளம்பியதும் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள், "ஏம்மா, நீ ஏறலையா?" என்று கேட்ட பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நீங்கள் போய் இரண்டாவது கார்த்திகை இது. மழை இந்த வருஷமும் விடாமல் பெய்கிறது.

உங்கள் பக்கத்து ஓட்டு வீட்டுக்கு நானும் அம்மாவும் குடிவந்த அன்று, நான் உங்களை அக்கா என்று கூப்பிட்டேன். "இந்தத் தெருவுல லாத்தாதான்" என்று சிரித்தீர்கள். அன்றிலிருந்து லாத்தாதான். உங்கள் வீட்டுக்காரர் துபாயில், மகள் நாகூரில் புகுந்த வீட்டில். அந்தப் பெரிய மாடி வீட்டில் நீங்கள் ஒருத்தி. எங்கள் வீட்டுக் குழம்பு உங்களுக்கும் உங்கள் வீட்டு ஆணம் எங்களுக்கும் சுவரைத் தாண்டி வந்து போகும்.

புயல் மழை மூன்று நாளாகக் கொட்டியது. ஆறு நிரம்பி வழிய, கடல் தண்ணீரை வாங்கவில்லை. மத்தியானம் எங்கள் வாசற்படியை நனைத்த தண்ணீர் கொஞ்ச நேரத்திலேயே இடுப்பளவு ஏறிவிட்டது. கட்டில் மேல் எதை ஏற்றுவது என்று நானும் அம்மாவும் தடுமாறிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து உங்கள் சத்தம் கேட்டது.

"சாமானை வுட்டுட்டு வாங்க புள்ளே! உசுரு இருந்தா சாமான் வாங்கிக்கலாம்!"

உங்கள் கீழ்வீடும் அன்று மூழ்கியது. குளிர்பெட்டி, அரிசி மூட்டை, மகளுக்காகச் சேர்த்து வைத்திருந்த பாத்திரங்கள் எல்லாமே போயின. அவற்றைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு நாள் மாடியில் கஞ்சி காய்ச்சி ஊற்றினீர்கள். தண்ணீர் வடிந்ததும் காய்ச்சலோடு இருந்த அம்மாவை மாமா வந்து மாயவரத்துக்குக் கூட்டிப் போனார். நான் போகவில்லை, உங்கள் வீட்டிலேயே தங்கினேன். மருந்தாளுநர் வேலைக்கான நியமன உத்தரவு புயலுக்கு முந்தின வாரம்தான் வந்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஆனால் சான்றிதழ் உறை முழுக்கச் சேற்றுத் தண்ணீர்.

"சேர்ற தேதியைத் தள்ளிக் கேக்கப் போறேன் லாத்தா. மாத்துத் துணிகூட இல்ல. இதை எடுத்துக்கிட்டு எப்புடிப் போயி நிக்கிறது?"

"போனது போவட்டும். வந்ததை வுட்டுறாதே" என்றீர்கள்.

தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, கல்லின் மேல் உங்கள் பருத்தித் துப்பட்டாவை மடித்துப் போட்டு, சான்றிதழை ஒவ்வொன்றாக வைத்து உள்ளங்கையால் ஒற்றி ஒற்றி உலர்த்தினீர்கள். முத்திரை மை பரவிப்போயிருந்தது. "உம் பேரு நிக்கிது பாரு, அது போதும்" என்றீர்கள். திங்கட்கிழமை உங்கள் நீலப் புடவையை எனக்குக் கட்டிவிட்டு, தொளதொளத்த ரவிக்கைக்கு ஊக்குக் குத்தி, "பசியாறிட்டுப் போ" என்று தட்டை நீட்டினீர்கள்.

காரைக்கால்மேட்டுப் பக்கம் நான் சேர்ந்த சுகாதார நிலையத்திலும் தண்ணீர் புகுந்து வடிந்திருந்தது. எனக்கு மூத்த மருந்தாளுநர் வீடு இடிந்து விடுப்பில் இருந்தார். முதல் நாளே மருந்துச் சன்னலில் நான் ஒருத்திதான். வாசல் தாண்டி வரிசை நின்றது. எல்லாருடைய மாத்திரையும் சீட்டும் வெள்ளத்தோடு போயிருந்தன. "வெள்ளையா வட்டமா இருக்கும்மா", "ராத்திரி போடுறது, சின்னதா ரோசா நிறம்" என்று சொல்வார்கள். தவறாகக் கொடுத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரையும் மருத்துவரிடம் திருப்பி அனுப்பி, சீட்டு வாங்கி வரச் செய்து கொடுத்தேன். வீடு திரும்பியபோது கால் வீங்கியிருந்தது.

அன்றைக்குத்தான் நீங்கள் வாடா சுட்டீர்கள். எங்கோ இறால் குட்டைகள் உடைந்து வயல்வெளியெல்லாம் இறால் என்று யாரோ அள்ளிக் கொடுத்திருந்தார்கள். "உனக்கு வேலை கெடச்சது தெரிஞ்சு, இறாலே வூடு தேடி வந்துருச்சு" என்றீர்கள். சேற்று வாடை போகாத அந்த வீட்டில் இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம்.

அதற்கு மறுவாரம் நான் சொன்ன ஒரு வார்த்தையைத்தான், லாத்தா, இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. அன்று சன்னலில் ஒருவர் என்னைத் திட்டிவிட்டார். அழுதுகொண்டே வந்து உங்கள் சமையற்கட்டில் உட்கார்ந்தேன். நீங்கள் தேநீர்த் தம்ளரை வைத்துவிட்டு, "புள்ளே, ஒண்ணு கேக்கணும், இந்த மாத்திரை இருக்குல்ல..." என்று ஆரம்பித்தீர்கள். நான் இடைமறித்தேன்.

"வீட்டுக்கு வந்தாலும் மாத்திரையா லாத்தா? அந்தப் பேச்சே வேணாம்."

"சரி சரி, டீயைக் குடி" என்று என் தலையைத் தடவினீர்கள். எதைக் கேட்க வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு உங்கள் நெற்றியில் தைல வாசனை வரும். "தலைவலியா?" என்பேன். "ஈரத்துல நின்னது" என்பீர்கள். நாள் முழுக்கச் சேறு வழித்தீர்கள், சுவர் கழுவினீர்கள். அசதி என்று நானும் நினைத்தேன். மருந்து படித்தவள், பக்கத்திலேயே படுத்து எழுந்தவள், அப்படி நினைத்தேன்.

ஒரு புதன்கிழமை காலையில் சாப்பாட்டு டப்பாவை என்னிடம் நீட்டினீர்கள். அது உங்கள் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்து, "கை மரத்துப் போச்சு போல" என்று சிரித்தீர்கள். தெருமுனையில் பேருந்துச் சத்தம். நான் ஓடினேன்.

பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. காரைக்கால் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உங்களுக்குப் பேச்சு இல்லை. ரத்த அழுத்தம் ஏறி மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். என் விரலை மட்டும் இடது கையால் பிடித்திருந்தீர்கள். மூன்றாம் நாள் அந்தப் பிடியும் தளர்ந்தது. உங்களுக்கு நாற்பத்தொன்பது வயது.

எல்லாரும் வந்து போன பிறகு, உங்கள் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளிடம் கேட்டேன். "லாத்தாவுக்குப் பிரஷர் இருந்துச்சா?"

"அஞ்சு வருசமா மாத்திரை போட்டாங்களே. வெள்ளத்துல போயிருச்சுன்னாங்க. உங்கக்கிட்டக் கேளும்மான்னேன். 'அந்தப் புள்ள களைச்சுப் போயி வருது, புது வேலை, அங்கேந்து எடுத்துட்டு வரச் சொல்லக் கூடாது, மருந்துக்கடை தெறக்கட்டும், வாங்கிக்கிறேன்'னாங்க. வாங்கிட்டாங்கன்னுதான் நானும் இருந்துட்டேன்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் உங்களிடம் சொன்ன வார்த்தையை அன்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு மாதம் கழித்து நாகூருக்குப் போய்ச் சொன்னேன். "உம்மா உங்க மேல கோவப்பட்டிருக்க மாட்டாங்க" என்றாள். அது எனக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

வேலையை விட்டுவிடலாம் என்று எத்தனையோ காலைகளில் நினைத்தேன். வந்ததை விட்டுவிடாதே என்று நீங்கள் சொன்னதனால் விடவில்லை. ஓட்டு வீட்டைச் சரிசெய்து அம்மாவை அழைத்து வந்தேன். உங்கள் வீட்டுக்காரர் வந்து நாற்பதாம் நாள் வரை இருந்துவிட்டு, பூட்டிக்கொண்டு திரும்பிப் போனார். தினமும் அந்தப் பூட்டைத் தாண்டித்தான் பேருந்துக்குப் போகிறேன்.

போன வாரம் மீனவர் ஒருவர் மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தார். எழுபது வயது இருக்கும். வாங்கிக்கொண்டு திரும்பியவரை நிறுத்தி, இப்போதெல்லாம் எல்லாரையும் கேட்பதுபோல் கேட்டேன்.

"அய்யா, உங்களுக்கு மாத்திரை எதுவும் உண்டா?"

"இருக்கும்மா, வூட்டுல இருக்கு."

"எத்தனை நாளைக்கு இருக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். "முடிஞ்சு பத்து நாளு ஆச்சு. பிரஷருக்கு. கூட்டமா நிக்கிது, ஒத்தப் பொண்ணு, உனக்கேன் செரமம்னுட்டு..."

வரிசையைக் காக்க வைத்துவிட்டு, அவரை நானே மருத்துவரிடம் அழைத்துப் போய்ச் சீட்டு வாங்கி வந்தேன். மாத்திரைப் பட்டையை அவர் கையில் வைத்து, "எனக்கு ஒரு சிரமமும் இல்லைங்கய்யா. கேளுங்க. எப்ப வேணும்னாலும் கேளுங்க" என்றேன்.

உங்கள் சமையற்கட்டில் சொல்லியிருக்க வேண்டியதை, லாத்தா, தினமும் வேறு யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.