ஆறாவது அட்மிஷன்

ஏப்ரல் 23

ஈஸ்டருக்குச் செய்த முறுக்கு இன்னும் தீரவில்லை, அதற்குள் மீட்டிங். துறைத் தலைவர் சுந்தரலிங்கம் சார் வழக்கமான பாட்டைப் பாடினார். ஆளுக்கு ஆறு அட்மிஷன். பி.காம். சேருகிற பிள்ளைகளை வாத்தியார்களாகிய நாங்கள்தான் ஊர் ஊராகப் போய்ப் பிடித்துவர வேண்டும். பிடிக்காதவர்களுக்கு ஜூனில் வேலை கிடையாது. கோழி பிடிக்கிறவர்களுக்குக்கூட வண்டி கொடுக்கிறார்கள். எங்களுக்கு நோட்டீஸ் கட்டு மட்டும்.

நான் ராயப்பன்பட்டிக்காரி. அதனால் எங்கள் ஊரும் சுற்றுப்பட்டியும் என் தலையில்.

ஏப்ரல் 30

மார்க்கையன்கோட்டையில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு வீட்டுக்கு நான் போவதற்குள் மூன்று காலேஜ்காரர்கள் வந்து போய்விட்டார்கள். ஒருத்தர் பை கொடுத்தாராம், ஒருத்தர் கைக்கடிகாரம். "நீங்க என்ன தருவீக?" என்று பையனின் அப்பா கேட்டார். படிப்புத் தருவோம் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லக் கூச்சமாக இருந்தது.

மே 4

அப்பா இருமிக்கொண்டே இருக்கிறார். திராட்சைக்கு மருந்தடித்து மருந்தடித்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட மனுஷன். தோட்டத்தையும் விற்றாயிற்று. மாத்திரை என் சம்பளத்தில்தான் வருகிறது. இந்த வேலையும் போனால்? நினைக்காதே பிரின்சி.

மே 8

ரிசல்ட். பெனிஷா அக்கவுண்டன்சியில் நூற்றுக்கு நூறு! தோட்டம் எங்களிடம் இருந்த காலத்தில் பழம் வெட்ட வந்த இருதயம்மாக்காவின் மகள். ஆடிட்டர் ஆகப்போகிறேன் என்று பத்தாவதிலிருந்தே சொல்லித் திரிகிறவள். சந்தோஷத்தில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

மே 11

ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் ஒன்றுதான் என்று காலையில் எண்ணிக்கொண்டிருந்தபோதே அந்த ஒன்று வாசலில் வந்து நின்றது. இருதயம்மாக்கா, மகளின் டி.சி.யையும் மார்க்‌ஷீட்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு.

"இந்தாங்க டீச்சர். உங்க காலேஜுலயே சேத்துவிடுங்க. உங்க கூடவே பஸ்ஸுல வந்துட்டுப் போயிருவா. எனக்கும் வயித்துல நெருப்பு இருக்காது."

வாங்கிவிட்டேன். வாங்கி மடியில் வைத்தும் விட்டேன். இந்தக் கவரைக் கொண்டுபோய் சுந்தரலிங்கம் சார் மேசையில் போட்டால் என் வேலை நிற்கும்.

என்னால் முடியவில்லை. எங்கள் காலேஜில் பிள்ளைகள் நோட்ஸை மனப்பாடம் செய்து பாஸாகிறார்கள். நான் பாடம் எடுத்தவர்களில் பாதிப் பேர் ஜவுளிக்கடையில் பில் போடுகிறார்கள். இருக்கிற நேரமெல்லாம் எங்களைப் பிள்ளை பிடிக்க அனுப்பினால் பாடம் எங்கே நடக்கும்? அந்தக் கூட்டத்தில் இவளையுமா தள்ளுவது?

"இங்க வேணாம்க்கா. மதுரையில சிஸ்டர்ஸ் நடத்துற காலேஜுல ஹாஸ்டலோட சேப்போம். நான் பேசுறேன்," என்று கவரைத் திருப்பிக் கொடுத்தேன்.

அக்காவின் முகம் சுருங்கியது. மதுரை என்றதும் பயந்துவிட்டார், இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். "சரி டீச்சர்" என்று ஒரு சொல். காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மே 14

மதுரைக்குப் போன் போட்டேன். அந்த மார்க்குக்கு இடம் கிடைக்கும், ஹாஸ்டல் ஃபீஸிலும் சலுகை உண்டு என்றார் சிஸ்டர். மனம் லேசானது. அக்கா வீடு பூட்டியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொல்லிவிடலாம்.

மே 18

பூசை முடிந்து கோயில் வாசலில் பிடித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"பெனிஷாவச் சேத்தாச்சு டீச்சர். கார்த்திக்ராஜ் சார் வீட்டுக்கே வந்தாக. மரியாதையாக் கூப்புட்டாக. ஒரிஜினல் எல்லாம் குடுத்தாச்சு."

என்னைப் போலவே வேறொரு காலேஜுக்குப் பிள்ளை பிடிக்க அலைகிற அந்தக் கார்த்திக்ராஜிடமா! அவன் காலேஜுக்கு எங்கள் காலேஜே தேவலை. அங்கே அக்கவுண்டன்சி எடுக்க ஆளே இல்லை. பதறிப்போய்க் கேட்டேன், ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க?

"உங்க தோட்டத்துல பழம் வெட்டுனவ மக. உங்க காலேஜுக்கு, உங்க பக்கத்துல உக்காந்து வர, அவளுக்குத் தகுதி இல்லேன்னு நெனச்சுட்டீக. பரவால்ல. இல்லாதவுகளுக்கும் காலேஜு இருக்கு."

அய்யோ, அப்படி இல்லக்கா, எங்க காலேஜே சரியில்லக்கா என்று அழாத குறையாகச் சொன்னேன்.

"அம்புட்டு மோசம்னா ஒம்பது வருசமா நீங்க எதுக்கு அங்கன போறீக?"

சனம் வேடிக்கை பார்த்தது.

மே 19

கார்த்திக்ராஜைப் பார்த்து ஒரிஜினலைக் கேட்டேன். "உள்ள போனது வெளிய வராது மேடம். நீங்க மட்டும் திருப்பிக் குடுப்பீங்களா?" என்று சிரித்தான். வாஸ்தவம்தான். நாங்களும் கொடுக்க மாட்டோம்.

ஜூன் 2

ஐந்து போதாதாம். "வருத்தமா இருக்கும்மா" என்றார் சுந்தரலிங்கம் சார். முகத்தில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 9

சொன்னேன். "அந்தப் புள்ளையச் சேத்திருந்தா..." என்று ஆரம்பித்தார். இருமல் வந்துவிட்டது.

ஜூன் 17

நான்கு காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டேன். கூப்பிட்டது ஒன்று. எது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. கார்த்திக்ராஜின் காலேஜ்தான். அக்கவுண்டன்சிக்கு ஆள் வேண்டுமாம்.

பிரின்ஸிபல் பாடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. "உங்க ஊர்ல உங்களுக்கு நல்ல பழக்கம் உண்டா?" என்றார். உண்டு என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூலை 1

முதலாம் ஆண்டு பி.காம். உள்ளே போனதும் முதல் பெஞ்சில் பெனிஷா. எல்லாரோடும் எழுந்து நின்றாள். சிரிக்கவில்லை. பற்று, வரவு என்று தொடங்கினேன். நான் முடிக்கும் முன்பே கணக்கைப் போட்டுவிட்டு சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மணி அடித்ததும் வராந்தாவில் பின்னாலேயே வந்தாள்.

"டீச்சர், அன்னைக்கு ஏன் என்னைய வேணாம்னு சொன்னீக? நான் நல்லாத்தான மார்க் வாங்கியிருந்தேன்?"

அதனாலதான்டி, உனக்காகத்தான்டி. சொல்ல வாயெடுத்தேன். இந்தக் காலேஜெல்லாம் உனக்கு ஆகாது என்று எப்படிச் சொல்ல? இரண்டடி தள்ளி கார்த்திக்ராஜ் நின்றுகொண்டிருந்தான்.

"நாளைக்கு டெக்ஸ்ட் புக் கொண்டு வா" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். அம்மாவைப் போலவே.