முழங்கால் தண்ணீரில் நாலாவது முடிச்சு

மச்சான்,

போன மாதம் சங்கத்து இரும்பு அலமாரியை ஒழித்தபோது அடித்தட்டில் நம் பழைய கயிறு கிடந்தது. ஏரிப் பாசி வாடை இன்னும் போகவில்லை. சாணுக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு சிவப்புத் துணி, எல்லாம் நீ கட்டியது. இப்போதைய செயலாளர் ஒரு டீச்சர், சிதம்பரத்துப் பெண். உன்னைப் பார்த்ததே இல்லை. "இதத் தூக்கிப் போட்டுடலாமா சார்?" என்று கேட்டாள். "இரும்மா" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். தலைவர் என்று எனக்கு அங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அதில் உட்காரவே கூசியது.

ஏரியைக் காப்பாற்றச் சங்கம் என்று ஆரம்பித்தோமே தவிர, நம்மிடம் என்ன இருந்தது? ஒரு தகரத் தட்டு, இந்தக் கயிறு, மீன்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஃபைபர் படகு. தட்டில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அதைத் தண்ணீரில் இறக்கினால் எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அதுதான் தண்ணீரின் தெளிவு. எனக்கு இது காலேஜ் லேபில் தெரிந்துகொண்ட விஷயம். நான் அங்கே உதவியாளன். நீ காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்லில் மெக்கானிக். சனிக்கிழமை காலையில் மதகு ஓரம், ஏரி நடு, மேற்குக் கரை என்று மூன்று இடத்தில் நீ துடுப்பை வைத்துவிட்டுக் கயிற்றை மெல்ல மெல்ல விடுவாய். நான் குனிந்து பார்த்து "மறைஞ்சிடுச்சு" என்பேன். மேலே இழுப்பாய். "தெரியுது" என்பேன். எத்தனையாவது முடிச்சு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். இரண்டு ஆள் இல்லாமல் அளக்கக் கூடாது என்று சட்டம் போட்டதும் நான்தான்.

"என்னா மச்சான், மறைஞ்சிடுச்சுன்னு சொல்றதுக்கு இவ்ளோ பந்தாவா?" என்று சிரிப்பாய். பந்தாதான். வாரம் முழுக்க லேபில் குழாய் கழுவுகிறவன் அந்தப் படகில் மட்டும் விஞ்ஞானி.

மீன் குத்தகை எடுத்தவர் மீனுக்குத் தீனியென்று கோழிக் கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்ட ஆரம்பித்த பிறகு ஏரியின் நிறமே மாறிப்போனது. ஆறாவது முடிச்சில் மறைந்த தட்டு நாலாவது முடிச்சிலேயே மறைந்தது. வாரம் தவறாமல் எழுதிவந்தோம். அதை ஒரு மனுவோடு கடலூர் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்கு எடுத்துப் போக வேண்டும் என்பது உன் யோசனை. "வாயால சொன்னா வெரட்டுவாங்க. நோட்டக் காட்டுனா என்னா பண்ணுவாங்க, பாக்கலாம்" என்றாய்.

அந்தக் கோடையில்தான் மில் பெல்ட் அறுந்து உன் காலில் அடித்தது. மூன்று வாரம் படுத்துவிட்டாய். படுக்கையிலிருந்து போன் செய்தாய். "மீன்காரரக் கூட்டிகிட்டு நீ போயிட்டு வந்துடு மச்சான். நடுவுல வுட்டுட்டா இத்தினி நாள் அளந்தது வீணாப் பூடும்."

நான் போகவில்லை.

காரணம் சொல்லக்கூட வாய் வரவில்லை. முதல் சனிக்கிழமை எழுந்திருக்கச் சோம்பல். இரண்டாவது சனிக்கிழமை பண்ருட்டியில் மைத்துனன் வீட்டில் பலாப்பழத்தோடு விருந்து. மூன்றாவதுக்குப் போயிருக்கலாம். ஆனால் இரண்டு வாரம் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதியவனுக்கு மூன்றாவது வாரம் போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது. மூன்று வாரத்துக்கும் நாலு, நாலு, நாலு என்று எழுதிவைத்தேன். நீ எழுந்து வந்ததும் இரண்டாவது கையெழுத்துக்காக நோட்டை நீட்டினேன். நீ எதுவும் கேட்காமல் மூன்று வாரத்துக்கும் கையெழுத்துப் போட்டாய். என்னை நம்பித்தானே போட்டாய்.

கடலூர் கூட்டத்தில் பொதுப்பணித்துறை என்ஜினியர் நோட்டைப் பொறுமையாகத்தான் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"மதகு ரிப்பேருக்காக அந்த மூணு வாரமும் தண்ணிய இறக்கி வச்சிருந்தோம். மதகுகிட்ட முழங்கால் தண்ணிதான். நாலு சாணுக்குத் தட்டு எப்படிங்க போச்சு? தரையத் தோண்டி எறக்குனீங்களா?"

கூட்டம் சிரித்தது. ஒரு தடவை கரைக்குப் போய் எட்டிப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அவர் என் வெள்ளைச் சட்டையையும் பாக்கெட் பேனாவையும் பார்த்தார். பிறகு எண்ணெய்க் கறை படிந்த உன் கையைப் பார்த்தார். "யாரு அளந்தது, நீங்களா?" என்று உன்னைத்தான் கேட்டார்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்த நொடியில் உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. நான் கையில் இருந்த ஃபைலைப் பார்த்தேன்.

"ஆமா சார். நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றாய்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். எழுந்து நின்று நான் சொன்னது இது: "மன்னிக்கணும் சார். அவரு அவ்வளவா படிக்காதவரு. இனிமே நாங்க பாத்துக்கறோம்." மச்சான், இதை எழுதும்போது என் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மூன்று வாரம் பொய் என்றால் மற்ற வாரங்களை எப்படி நம்புவது என்று மனுவைத் திருப்பித் தந்துவிட்டார்கள். கோழிக் கழிவு இன்னும் ஒரு குத்தகைக் காலம் ஏரியில் விழுந்தது. வெளியே வந்து டீ குடிக்கும்போது நீ கோபப்படுவாய் என்று காத்திருந்தேன். நீ தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாய்: "காலேஜு ஆளு நீ மாட்டியிருந்தா சங்கத்துக்கே மானம் போயிருக்கும். அதான் நான் ஏத்துகிட்டேன். ஆனா நம்ம ஆளுங்ககிட்ட மட்டும் சொல்லிடு மச்சான். அவுங்க என்னத் தப்பா நெனச்சா எனக்குத் தாங்காது." சொல்லிவிடுகிறேன் என்றேன். அன்றைக்கு நிஜமாகவே சொல்வதாகத்தான் இருந்தேன்.

சங்கக் கூட்டத்தில் சொல்ல எழுந்தேன். அதற்குள், வீட்டில் படுத்துக்கொண்டே எழுதிவிட்டாய் என்று ஆளாளுக்கு உன்னை ஏசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூட்டைப் பார்த்ததும் ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆகாயத்தாமரை அகற்றுவதைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தேன். இனி படகுக்கு வேறு ஆள் என்று முடிவானது. அந்தத் தீர்மானத்தை எழுதியதும் இதே கைதான்.

மறுநாள் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தாய். "சொல்லிட்டியா?" என்றாய்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

உன் முகம் மலர்ந்ததே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் சகிக்க முடியவில்லை. "அப்ப சனிக்கெழம வந்துடறேன்" என்று டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டாய்.

சொன்னபடி வந்தாய். கால் சரியாக ஆறவில்லை, விந்தி விந்திக் கரையேறி வந்தாய். படகில் புது ஆள் துடுப்போடு உட்கார்ந்திருந்தார். நானும் ஏறிவிட்டிருந்தேன். கரையில் நின்ற நம் உறுப்பினர் ஒருவர், "எதுக்குய்யா வந்தே? இன்னும் கொஞ்சம் தரையத் தோண்டணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ கடலூரில் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தாய். நான் புது ஆளிடம் "கெளம்பலாம்" என்றேன். நடு ஏரியில் தட்டை இறக்கினார்கள். "மறைஞ்சிடுச்சு" என்று உரக்கச் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது கரையில் நீ இல்லை.

அதன் பிறகு நீ எங்கள் பக்கம் வரவே இல்லை. இரண்டு மழைக்காலம் போனது. நெஞ்சுவலி என்றார்கள், சிதம்பரம் கொண்டு போவதற்குள் முடிந்தது என்றார்கள். சங்கத்தின் சார்பில் மாலையோடு வந்தேன். வருடா வருடம் தவக்காலத்தில் கடலூர் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். கோபம், பொறாமை, வீட்டில் சண்டை என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறேன். சாமியார் அதற்குத் தக்கபடி ஜெபம் சொல்லி அனுப்புவார். இதை மட்டும் அந்தப் பட்டியலில் நான் சேர்த்ததில்லை.

கயிறு கிடைத்த அடுத்த வாரம் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இருந்தவர்களில் பாதிப் பேர் புதியவர்கள். பழையவர்களுக்கு உன் முகமே சரியாக ஞாபகம் இல்லை. "அது எப்பவோ நடந்தது, விடுங்க சார். இப்பதான் ஏரி நல்லா இருக்கே" என்று செயலாளர் ஆறுதல் சொன்னாள். அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள். என்னை ஒருவரும் திட்டவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கச் சொல்லவும் இல்லை. இந்த ஒன்றுமில்லாததற்குப் பயந்தா உன்னைக் கரையில் விட்டுவிட்டுப் போனேன் என்று நினைத்தபோது வெட்கம் இன்னும் ஜாஸ்திதான் ஆனது.

அந்த ஆதங்கத்தில்தான் மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி வாசலில் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அவளுக்கு எல்லாம் முன்பே உன்னிடமிருந்து தெரிந்திருக்கும், என்னை நாலு வார்த்தை நன்றாகக் கேட்கட்டும், அதோடு போகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

அவள் கடைசிவரை கேட்டாள். "அப்ப அவரு தப்பா எழுதலியாண்ணே?" என்றாள்.

"இல்லம்மா. எழுதனது நான்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். "எங்கிட்டகூட சொல்லலியே. சனிக்கெழமையானா சட்டையப் போட்டுகிட்டுப் பேசாம உக்காந்திருப்பாரு. படுத்துகிட்டே எதையோ எழுதி ஊரு சிரிக்க வச்சியே, இப்ப என்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கேன்னு நான் ஏசுவேன். சாவுறதுக்கு மொத வாரம்கூட ஏசுனேன். ஒரு வார்த்த, நான் இல்லடின்னு சொல்லியிருக்கலாமே."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இப்ப அவருகிட்ட நான் எப்படிண்ணே மன்னிப்புக் கேப்பேன்?"

பாரத்தை இறக்கப் போனவன், அதைக் கொண்டுபோய் அவள் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நான் சுமப்பது கொஞ்சமும் குறையவில்லை.

எனக்காக நான் ஒன்றும் கேட்கவில்லை, மச்சான். கேட்கும் தகுதியும் இல்லை. அவள் ஏசியதை மட்டும் மன்னித்துவிடு. அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.