கொசுவின் வயிற்றில் கறுப்புத் தண்ணீர்

டிசம்பர் 2, திங்கள்

வெள்ளிக்கிழமை பாய்லர் இன்ஸ்பெக்டர் வருகிறார். போன வருஷமே முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

கரும்பு வண்டிகளை ஆலைக்குள் இழுத்துப்போய் அரவை வாயிலில் நிறுத்துகிற சின்ன நீராவி இஞ்சின் எங்கள் கொசு. கீச்சு விசிலுக்காக யாரோ வைத்த பெயர். கரும்புச் சக்கையைத் தின்றே ஓடுவதால் இத்தனை காலம் விட்டுவைத்திருக்கிறார்கள். இந்த முறை பாஸ் ஆகாவிட்டால் வெட்டி எடைக்குப் போட்டுவிட்டு டிராக்டர் வாங்குவார்களாம்.

"நீ கவலப்படாத ரேணுகா, சாக்குத் தைக்கிற எடத்துல உனக்கு எப்பவும் வேல இருக்கு" என்கிறார் சூப்பர்வைசர் தனசேகரன். ஆறுதல் சொல்கிறாராம். அங்கே குனிந்து உட்கார்ந்தே என் பாதி வயசு போயிற்று. பரீட்சை எழுதி, பாய்லர் சர்டிபிகேட் வாங்கி, இந்த இஞ்சின் மேல் ஏறியவள் நான். இறங்க மாட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

போர்வெல் மோட்டார் புகைந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வருமுன் ஓட்டிப் பார்க்க இஞ்சினுக்குத் தண்ணீர் இல்லை. என்னோடு நெருப்புப் பார்க்கும் கருப்பன் மலைமேல் இருந்து வருகிறவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். "எங்கூரு ஓடைல தண்ணி போவுதுக்கா. எங்கூட்டு டிரம்முல நாளைக்குக் கொண்டாரேன்" என்றான். நல்லவன்.

டிசம்பர் 4, புதன்

நல்லவனாம்!

மினி லாரியில் டிரம்களோடு வந்து இறங்கினான். தண்ணீர் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. ஓடைத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். நெருப்பு மூட்டி, ஆவி ஏறி, ஓட்டிப் பார்க்கலாம் என்று திரும்பினால் — தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் கன்னங்கரேலென்று மை.

எண்ணெய். வேறென்ன தோன்றும்? பாய்லருக்குள் எண்ணெய் போனால் தகடு வெந்துபோகும். கழிவு ஆயில் டிரம்மைக் கொண்டுவந்துவிட்டானா பாவி? நெருப்பை இழுத்துக் கொட்டச் சொன்னேன்.

"இன்னா டிரம்முடா அது?"

"கழுவித்தான்க்கா கொண்டாந்தேன்."

"கழுவறதுக்கு முன்னாடி இன்னா இருந்துச்சு, அதச் சொல்லு."

அவன் டிரம்மின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றான். நான் அவனெதிரிலேயே அழுதுவிட்டேன். அவ்வளவுதான், போச்சு, திரும்பவும் சாக்குத் தூசிதான் என் தலையெழுத்து.

அழுது முடித்தபிறகுதான் புத்தி வந்தது. வடிகுழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து ஆறவைத்தேன். மேலே படலம் இல்லை. விரலில் வழவழப்பும் இல்லை. நாக்கு நுனியில் வைத்தேன். வாயே சுருங்கிக்கொண்டது. என்ன துவர்ப்பு!

"ஏண்டா, கடுக்காயா?"

"ஆமாங்க்கா. வாணியம்பாடி தோல் ஷாப்புக்கு, தோலு பதம் பண்ண ஊறப்போட்ட டிரம்மு. மருந்துக்குத் தின்றதுதான, இன்னா ஆவப்போவுதுன்னு..."

கடுக்காய் நறுக்கினால் கத்தி கறுக்கும். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதையே இத்தனை பெரிய இரும்புச் சட்டியில் ஊற்றிக் கொதிக்கவைத்திருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன். அவன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

டிசம்பர் 5, வியாழன்

மோட்டார் சரியாகிவிட்டது. பாய்லரை முழுக்க வடித்து, மூடிகளைக் கழற்றி, பைப் விட்டு அடித்துக் கழுவினோம். கறுப்பு போகும்வரை நான் விடவில்லை. அதோடு எத்தனையோ வருஷத்துச் சேறும் பொலபொலவென்று வந்தது. கருப்பனுக்கு முழங்கை வரை மை. வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் மோகன், "இன்னா, தார் டின்னுல வுழுந்தியா?" என்றார்.

டிசம்பர் 6, வெள்ளி

பாஸ்.

அப்பாடா. முதலில் அதை எழுதிவிட்டேன்.

தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றினார்கள். மீட்டர் முள் ஏறியது. நிற்குமா? நின்றது. இறங்கவே இல்லை. தண்ணீரை வடித்ததும் இன்ஸ்பெக்டர் டார்ச்சு அடித்து உள்ளே பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போன வருஷம் சேத்துல ஒண்ணுமே தெரியலம்மா. அதான் சந்தேகப்பட்டேன். தகடு நல்லாத்தான் இருக்கு. யாரு இவ்ளோ சுத்தம் பண்ணது?"

கருப்பன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

டிசம்பர் 9, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

டிசம்பர் 16, திங்கள்

அரவை தொடங்கியது. பனியில் தண்டவாளம் வழுக்கியது, மணல் போட்டு இழுத்தோம். தனசேகரன் சார் டிராக்டர் பேச்சை எடுக்கவில்லை, நானும் கிளறவில்லை.

மதியம் சாக்குத் தைக்கும் ஆனந்தி இஞ்சினருகே வந்து நின்றாள்.

"நீங்க திரும்ப வரப்போறீங்கன்னு சொன்னாங்கக்கா. அதான் உங்க கோணி ஊசிய யாருக்கும் தராம வச்சினு இருந்தேன். இனிமே நானே எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்கோ" என்றேன்.