ஒரு ரிங் விட்டால் நலம்

மார்ச் 1, ஞாயிறு

இன்றைக்கும் அப்பாவிடம் பேச முடியவில்லை. பேசினேன் என்று சொல்லலாமா? "சாப்பிட்டியாம்மா?" என்றார். "சாப்பிட்டேம்ப்பா" என்றேன். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு..." என்று ஆரம்பித்தார். அதற்குள் போன் கார்டில் நிமிஷக் கணக்குச் சொல்லும் பதிவுக் குரல், அந்தக் கார்டுப் பொம்பளை, குறுக்கே வந்து 'ஒரு நிமிடம் மட்டுமே உள்ளது' என்றாள். அவள் குரல் எனக்கு மட்டும்தான் கேட்கும். "சீக்கிரம் சொல்லுங்கப்பா, சீக்கிரம்" என்று நான் பறந்ததில் அவர் பதறிப்போய், "இல்ல, அப்புறம் சொல்றேன்" என்றார். அப்புறம் ஏது? டொய்ங் என்று அறுந்துவிட்டது. பாவி. மலையாட்டம் நாற்பது நிமிஷம் இருக்கும்போது ஒன்றும் சொல்ல மாட்டாள், அப்பா வாயைத் திறந்தால் வந்துவிடுவாள்.

எங்கள் வீட்டில் போன் கைமாறும் வரிசை நான்கு வருஷமாக மாறவில்லை. முதலில் என் மகள் பாப்பா. யார் பென்சிலை யார் எடுத்தது என்கிற பஞ்சாயத்தெல்லாம் முடிய வேண்டும். பிறகு அம்மா, பிறகு தம்பி. மிச்சம் மீதி இருந்தால் அப்பா. "எல்லாரும் பேசட்டும், நான் என்ன பேசப்போறேன்" என்பாராம். அம்மாதான் சொல்வாள்.

ஆனால் எனக்கு அவரிடம்தான் கேட்க வேண்டும். இந்த வெளிநாட்டு வேலைக்கான ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊருக்குப் போவதா? 24ஆம் தேதிக்குள் ஆபீஸில் சொல்ல வேண்டும். பாப்பாவின் அப்பன் எங்களை விட்டுவிட்டுப் போனபோது, "போயிட்டு வாம்மா, பாப்பாவை நாங்க பாத்துக்கறோம்" என்று என்னை அனுப்பி வைத்தவர் அவர். அவர் வாயால் 'போதும், வந்துடு' என்று ஒரு வார்த்தை வரட்டும், அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவேன். அவர் சொல்ல வருவது அதுதானா? இல்லை, இன்னும் கொஞ்ச நாள் இரு என்பதா?

மார்ச் 2, திங்கள்

ரிங் வந்தது.

சிங்காரிக்கு எங்கள் ரிங் கணக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. நான் வேலை பார்க்கும் லாண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்கும்போது எனக்கு எதிர்ப்பக்கம் நிற்பவள் அவள். வெந்து சாகிற ஆவிக்குள் மை தீட்டிக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். சாயங்காலம் ஆறரைக்கு நான் வீட்டு போனுக்கு ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவேன். அங்கே யாரும் எடுக்கக் கூடாது. உடனே அங்கிருந்து ஒரு ரிங் வரும். நான் எடுக்கக் கூடாது. ஒரு ரிங் என்றால் எல்லாரும் நலம். இரண்டு என்றால் பேச வேண்டும், கூப்பிடு. யாரும் எடுக்காததால் யாருக்கும் செலவில்லை. ஒரே ஒரு தடவை பாப்பா ஆசையில் எடுத்துவிட்டாள், என் போனில் இருந்த காசு மொத்தமும் போய்விட்டது. அதிலிருந்து ஆறரை மணி போன் அடித்தால் வீடே கையைக் கட்டிக்கொண்டு நிற்குமாம்.

"அடிப்பாவி, பேசாம பேசறதுல நீங்க கில்லாடிங்க" என்றாள்.

திரும்ப அடிப்பது அப்பாதான். எனக்குத் தெரியும். மற்றவர்கள் அடித்தால் டக்கென்று நிற்கும். அப்பா வைக்க மனசில்லாமல் வைப்பார். ஒரு ரிங் முடிந்து அடுத்தது தொடங்குமோ என்கிற இடம் வரைக்கும் இழுக்கும்.

மார்ச் 4, புதன்

கார்டுக் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அறுபது நிமிஷம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, நாற்பதைத் தாண்டியதில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு தடவை லைன் கிடைக்கும்போதும் கார்டு ஒரு பங்கைத் தின்றுவிடுமாம். "வாரா வாரம் பேசறதுக்குப் பதிலா பெரிய கார்டா வாங்கி ஒரே மூச்சுல பேசும்மா, எழுபது நிமிஷத்துக்குக் குறையாது" என்றார்.

இதில் ஒரு யோசனை வந்தது. இரண்டு ஞாயிறு பேசாமல் இருந்துவிட்டு 22ஆம் தேதி பெரிய கார்டு. அதுவும் அப்பாவுக்கு மட்டும். ஆற அமரப் பேசலாம். சிங்காரியின் பழைய கார்டில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு நிமிஷத்தில் அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு வாரம் பேச மாட்டேன். இருபத்திரண்டாம் தேதி அப்பா கையில முதல்ல குடு."

அம்மா, "அப்பா கையிலயா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். "சரி" என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு துணி துவைத்தேன். வாரம் முழுக்க ஊரார் துணி, ஞாயிற்றுக்கிழமை என் துணி. நல்ல பிழைப்பு.

ரிங் வந்தது. இழுத்து வைத்தார்.

மார்ச் 11, புதன்

ரிங் வந்தது. நேற்றும் இன்றைக்கும் என்னவோ டக்கென்று நின்றது. அப்பாவுக்கும் சிக்கனம் வந்துவிட்டது போலிருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

இன்றைக்கும் டக். நேற்றும் அப்படித்தான். நான் பேசவில்லை என்று கோபமா? கோபித்துக்கொள்ளட்டும், 22ஆம் தேதி எழுபது நிமிஷம் பேசினால் தன்னால் போய்விடும்.

அவருக்குச் சொல்ல ஒரு பட்டியலே வைத்திருக்கிறேன். இஸ்திரி மெஷின் உருளையில் விரிப்பைக் கொடுக்கும்போது விரல் மாட்டப் பார்த்தது, சிங்காரி ஒரு கத்துக் கத்தி மெஷினை நிறுத்தியது. ஒரே நாளில் எண்ணூறு விரிப்பு மடித்தது. எண்ணூறா என்பார். சிரிப்பார்.

மார்ச் 17, செவ்வாய்

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சூப்பர்வைசர் காலையிலேயே கூப்பிட்டார். மேலிடத்தில் அவசரப்படுத்துகிறார்களாம், இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தாள் வேண்டுமாம், இல்லையென்றால் என் இடத்துக்கு வேறு ஆள். "ஒரு வாரம் குடுங்க சார், எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றேன். "உனக்கு என்ன வயசு?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முப்பத்தாறு. முப்பத்தாறு வயசில் அப்பாவைக் கேட்கக் கூடாதா என்ன?

ஆறரைக்கு ரிங் வந்தது. ஒரே ரிங். சரி, எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்? அப்பாவுக்கு நான் வந்தே ஆக வேண்டும் என்றிருந்தால் இரண்டு ரிங் விட்டிருக்க மாட்டாரா? அப்படி நினைத்துத்தான் ஆபீஸ் பூட்டும் முன் ஓடிப்போய்ப் போட்டேன். இன்னும் இரண்டு வருஷம். அவசரத்தில் கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

எழுத முடியுமா தெரியலை. எழுதறேன்.

கார்டைச் சுரண்டி நம்பரெல்லாம் போட்டு, லைன் கிடைச்சதும், "அப்பா!"ன்னேன். தம்பி பேசினான். "அப்பாகிட்டக் குடுன்னு சொல்லியிருந்தேனே"ன்னேன். "அக்கா, பதறாத"ன்னான். பதறாதன்னு சொன்னா பதறாம என்ன பண்ணுவாங்க?

பத்தாம் தேதி காலையில குளிக்கப் போன இடத்துல விழுந்திருக்கார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்க. பேச்சு வரலை. ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் வச்சுட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். இதுக்கு மேல மெல்ல மெல்லத்தான்னு சொல்லிட்டாங்களாம்.

பத்தாம் தேதி. நான் பதினேழாம் தேதி கையெழுத்துப் போட்டேன்.

"தினம் ரிங் வந்ததேடா?"ன்னேன்.

"நான்தான் விட்டேன்க்கா. நீ அங்க தனியா... தெரிஞ்சா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவன்னு அம்மா..."

"ரெண்டு ரிங் விட உனக்குக் கையில்லையாடா?"ன்னு கத்தினேன். எங்க ரூம்ல எதிர்க் கட்டில்காரி எழுந்து வெளியே போயிட்டா. அவன் அழுதான். அழட்டும். பன்னிரண்டு நாளா நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்னு மணி அடிச்சானே, படுபாவி. நான் எவ்வளவு முட்டாள்! டக்குனு நின்னப்பவே தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சுதே. தெரிஞ்சும் சிக்கனம்னு சிரிச்சேனே.

அப்பா காதில் வைக்கச் சொன்னேன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அப்பாவிடம் நிறைய நிமிஷம். மூச்சுதான் கேட்டது. எண்ணூறு விரிப்பைச் சொன்னேன். சிங்காரி மையைச் சொன்னேன். மெஷினில் விரல் மாட்டப் பார்த்ததைச் சொல்லவில்லை. கடைசியில், "வந்துடட்டுமாப்பா?" என்றேன். "ம்ம்... ம்ம்..." என்று ஏதோ வந்தது. ஆமாம் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா? மறுபடி கேட்டேன். மறுபடி அதே சத்தம்.

கார்டுப் பொம்பளை வந்து ஒரு நிமிடம் மட்டுமே உள்ளது என்றாள். இன்றைக்கு அவளைத் திட்டவில்லை. அந்த ஒரு நிமிஷமும் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

சூப்பர்வைசரிடம் தாளைத் திருப்பிக் கேட்டேன். போனது போனதுதானாம். பாஸ்போர்ட்டும் ஆபீஸ் பெட்டியில். லீவு ஜூன் மாதம் வரும், அதுவரைக்கும் யாரையும் விட முடியாது என்றார். "எங்கப்பாவுக்கு ஜூன் வரைக்கும் தாங்குமான்னு தெரியாது சார்" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. கெட்டவராக இருந்தால் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாவது வந்திருப்பேன்.

சிங்காரி பகல் முழுக்க என் பங்கு விரிப்பையும் சேர்த்து இழுத்தாள். ஒரு வார்த்தை கேலி இல்லை. அதுதான் என்னை அழ வைத்தது.

மார்ச் 29, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேன். "அப்பா என்கிட்ட என்னமோ சொல்லணும்னாரே, என்னம்மா அது?"

தெரியாது என்றாள். அப்புறம் அவளே ஆரம்பித்தாள். "என்னத்தைச் சொல்வாரு? வந்துடும்மாங்கறதைத்தான். ஒரு வருஷமா அதே பாட்டுதான். அவர் கையில முதல்ல குடுத்தா அதைச் சொல்லிடுவாரு, நீயும் மூட்டையைக் கட்டிடுவ. இங்க வந்து என்ன பண்ணுவ? பாப்பா படிப்பு நடுவுல நின்னுடுமேன்னுதான்... அவர் கேட்டும் கடைசியிலயே குடுத்தோம்."

குடுத்தோமாம். ஒரு வருஷமாக. பாப்பாவைப் பேச விட்டு, இன்னும் பேசு, இன்னும் பேசு என்று பின்னால் இருந்து தள்ளியிருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும்? நானும் அந்தக் கார்டுப் பொம்பளையை எத்தனை ஏசியிருப்பேன். பாவம் அவள், அவள் கணக்கை அவள் சொன்னாள்.

அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை. அவள்தானே இப்போது அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறாள். ஆனால் அம்மா, உன்னை மன்னிக்க எனக்கு நாளாகும். ரொம்ப நாளாகும்.

தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். இனிமேல் அப்பாவுக்காக நீ ரிங் விடாதே. போனை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், இடது கைக்கு எட்டுகிற மாதிரி வை. கடைசியாகப் போட்ட நம்பருக்குத் திரும்பப் போட ஒரே பட்டன்தானே, அவர் அழுத்தட்டும். முடியாத அன்றைக்கு ரிங் வர வேண்டாம். பொய்யாக ஒரு ரிங் வந்தால் அதோடு நீ எனக்குத் தம்பி இல்லை என்றேன். பாப்பா தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தான்.

மார்ச் 31, செவ்வாய்

ரிங் வரவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

வந்தது! ஏழு மணிக்கு. ஆறு ரிங்! பட்டனை அழுத்தத் தெரிந்தவருக்கு வைக்கத் தெரியவில்லை போல. ஆறு ரிங்குக்கு எங்கள் கணக்கில் அர்த்தமே கிடையாது. போனை நெஞ்சில் அழுத்திக்கொண்டு துணிக்கொடி பக்கம் நின்றேன். எடுக்கவில்லை, எடுத்தால் அவர் காசு போய்விட்டதென்று நொந்துகொள்வார்.

"எடுடி, என்ன ஆயிடும்!" என்றாள் சிங்காரி. அவளுக்குப் புரியாது.

ஏப்ரல் 5, ஞாயிறு

இப்போது போன் முதலில் அப்பாவுக்குத்தான். பாதிக் கார்டு அவருக்கு, மீதி மற்றவர்களுக்கு. "ஜூன்ல வர்றேம்ப்பா, அதுவரைக்கும் நீங்க இருக்கணும்" என்றேன். "ம்ம்" என்றார். ஒரே 'ம்ம்'. அது ஆமாம்தான்.

ஏப்ரல் 9, வியாழன்

மூன்று ரிங். நேற்று நான்கு. தேறி வருகிறார். பாப்பா எண்ணிச் சொல்லிக்கொடுக்கிறாளாம், "தாத்தா, ஒண்ணு, போதும்" என்று.

ஏப்ரல் 14, செவ்வாய்

ஒரே ரிங். சுத்தமாக ஒன்று. கடைசியில் கொஞ்சம் இழுத்து.

மெஷின் பக்கத்தில் நின்று சத்தமாகச் சிரித்தேன். சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஏப்ரல் 16, வியாழன்

நேற்று ரிங் வரவில்லை. வராத நாளும் உண்டுதான்.

இன்றைக்கு ஆறரைக்கு என் ரிங்கை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஏழு. ஏழேகால். இடது கைதானே, நேரமாகும். ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போதே புதுக் கார்டு வாங்கி வைத்துவிட்டேன், இன்னும் சுரண்டவில்லை. சிங்காரி டீ கொண்டுவந்து வைத்தாள், அப்படியே ஆறிப்போய்விட்டது.

ஏழரைக்கு இன்னொரு தடவை ஒரு ரிங் விட்டுப் பார்த்தேன். ஒன்று விட்டு வைத்துவிடலாம் என்றுதான்.

அந்த ஒரு ரிங் கூட முழுசாப் போகலை. தம்பி எடுத்துட்டான்.